சுண்ணாம்புக் குழியில் அமுக்கியது

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ரேஷன் கடையில் யாராவது வரிசையில் நடுவே புகுந்தால்கூட வாய் திறக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவரை ஊரில் பாதிப் பேர் கொலைகாரர் என்றார்கள். மீதிப் பேர், பாவம், உயிருக்குப் பயந்து செய்துவிட்டார் என்றார்கள். இரண்டும் இல்லை. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் அவருக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். ஊறும் தோல் காற்றுக் கோத்து உப்பி மேலே வரும். வெளியே தெரிகிற இடம் கெட்டுவிடும் என்று நீளக் கழியால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் வேலை. வீட்டில் நான் துணி ஊறவைத்த வாளியில் ஏதாவது உப்பியிருந்தால், போகிற போக்கில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவார். தான் அமுக்கியது அவருக்கே தெரியாது.

கூட வேலை செய்த ஒருவன் இவருக்குத் தோஸ்த். குடித்துவிட்டு வந்தான் என்று மேஸ்திரி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். போட்டுக்கொடுத்தது இவர்தான் என்று யாரோ அவனிடம் கொளுத்திப்போட்டார்கள். ஒருநாள் பகலில், தோலில் சதை சீவுகிற கத்தியோடு குழி மேட்டுக்கு வந்தான். முதல் வெட்டு இவர் தோளில் விழுந்தது. அடுத்ததற்கு அவன் ஓங்கும்போது, இவர் கையிலிருந்த கழியால் அவன் நெஞ்சில் தள்ளினார். அவன் குழிக்குள் விழுந்தான்.

அவன் மேலே வந்தான். இவர் கழியால் அமுக்கினார். மறுபடி வந்தான். மறுபடி அமுக்கினார். பக்கத்துக் குழிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து கழியைப் பிடுங்கினார்கள். உடனே இவரே குழியில் இறங்கி அவனைத் தூக்கினார். கண், மூக்கு, வயிறு எல்லாம் சுண்ணாம்பு. வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் பிழைக்கவில்லை. குழியை இறைத்தபோது கத்தி அடியில் கிடந்தது. அது அவன் கையை விட்டு எப்போது விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஜாமீனில் வந்தபின் வக்கீல் வீட்டுக்குப் போனோம்.

"உன் உயிருக்கு ஆபத்து இருக்கிற வரைக்கும்தான்பா சட்டம் உன் பக்கம்," என்றார் வக்கீல். "தள்ளினது சரி. விழுந்த அப்புறம் அமுக்கினியே, அதுக்குத்தான் பதில் வேணும். கத்தியோட மேல வந்தான், பயந்துட்டேன்னு சொல்லு."

"வெள்ளைத் தண்ணி சார். கத்தி இருந்திச்சா இல்லையான்னு தெரியல."

"சரி, பயந்தேன்னாவது சொல்லு."

"வெட்டும்போது பயந்தேன் சார். உள்ள விழுந்த பொறவு ஒண்ணும் நெனக்கல. மேல வந்தா அமுக்குவோமில்ல, கை அமுக்கிடிச்சி."

"சுண்ணாம்புல உன் மூளையும் வெந்துடுச்சாய்யா? இதைக் கோர்ட்டுல சொன்னா, நானே வந்து ஜெயில் கதவைத் திறந்து விடறேன், போய் உக்காந்துக்க."

வாளியைப் பற்றி வக்கீலிடம் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரும்மா," என்றார்.

வீட்டில் நான் கெஞ்சினேன். "பயந்தேன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதானேங்க?"

"அவன் மூஞ்சி மேல வந்தப்ப மூஞ்சின்னே தெரியலம்மே," என்றார். எனக்கு மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை.

சாட்சிகள் முடிந்து, சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். இவர் கூண்டில் கைகட்டி நின்று, வக்கீலிடம் சொன்னதையே சொன்னார். பயந்தாயா என்று நீதிபதி இன்னொரு முறை கேட்டார். வாசலைக் காட்டி வழிவிட்ட மாதிரிதான் இருந்தது. இவர், "அப்போ இல்லைங்க ஐயா," என்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் செத்தவனின் மனைவி என்னை மறித்துக்கொண்டாள். "தோலுன்னு நெனச்சானாமே! கேட்டியா? ஒன் ஊட்டுக்காரன் என் ஊட்டுக்காரனை ஆட்டுத் தோலுன்னு நெனச்சானாம்! தோஸ்தாம், தோஸ்து!"



தீர்ப்பு நாளன்று நீதிபதி ஆங்கிலத்தில் நிறையப் படித்தார். வக்கீல் சுருக்கமாகச் சொன்னார்: தள்ளியது வரை தற்காப்பு. அமுக்கியபோது ஆபத்தும் இல்லை, ஆபத்து என்ற பயமும் இல்லை. ஏழு வருடம். பயம், கோபம் என்று எதையாவது காட்டியிருந்தால் அதற்கொரு பிரிவு இருந்திருக்கும். பழக்கத்துக்கு எந்தப் பிரிவும் இல்லை.

மறுநாள் காலை அதே டேனரிக்குப் போய் வேலை கேட்டேன். தோல் காயவைக்கும் கொட்டகையில் மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் வரை பலகையில் தோலை விரித்து ஆணி அடித்தேன்.