தலையில் கை வைத்தால் ழ

ரங்கூனில் நான்காம் வகுப்பு படித்தவள் நான். கப்பலேறித் திண்டுக்கல் வந்ததும் எழுத்தே தெரியாதவளாகிவிட்டேன். இங்கேயும் நான்காம் வகுப்பில்தான் உட்காரவைத்தார்கள். ஆனால் அரைப்பரீட்சையில் தமிழ் டிக்டேஷன் தேறாவிட்டால் ஒன்றாம் வகுப்பு என்று டீச்சர் சொல்லிவிட்டார். அங்கே மூக்கொழுகிக்கொண்டு என் தம்பி இருந்தான். அவன் பக்கத்தில் உட்காருவதற்குத் திரும்பக் கப்பலேறிவிடலாம்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கும் பர்மிய எழுத்துத்தான் தெரியும். தமிழ் பேச்சோடு சரி. அதற்காக மனிதர் சும்மா இருக்கவில்லை. என் வகுப்புப் பாடப்புத்தகம் ஒன்றைப் பழசாக வாங்கினார். அவர் வேலை பார்த்த தோல் கிடங்கில் சாப்பாட்டு வேளையில் கூட்டாளி ஒருவர் அதை வாசிக்க, இவர் பர்மிய எழுத்தில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் அதைப் பார்த்து எனக்கு டிக்டேஷன் போடுவார்.

அதில் ஒரு வில்லங்கம். அவர் எழுதிய பர்மியத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். அவர் சொன்னபடி "மலை பெய்தது" என்று எழுதிப் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கினேன்.

மறுநாள் கூட்டாளியிடம் கேட்டு, எது எந்த எழுத்தென்று புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். ல என்றால் மூக்கைத் தொடுவார். ள என்றால் காது. ழ வந்தால் உச்சந்தலையில் உள்ளங்கை. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தலையில கை வைக்காதீங்க. குடி முழுகிப் போனவுகதான் அப்படி வைப்பாக."

"முழுகித்தானே வந்திருக்கோம்" என்பார் அத்தா.

பரீட்சையில் டீச்சர் வாசித்தார்: "மளையில் நனைந்த கிளவி கொய்யாப்பளம் விற்றாள்." எங்கள் பக்கத்து நாக்கு, ழ வராது. பாதி வகுப்பு ள போட்டுத் தள்ளியது. எனக்கோ வீட்டில் இதே சொற்களுக்கு அத்தாவின் கை மூன்று முறை தலைக்கும், நடுவே ஒரு முறை மூக்குக்கும் போவதும், கடைசியில் காதுக்குப் போவதும்தான் தெரிந்தது.

"யாருடி சொல்லிக் குடுத்தது?" என்றார் டீச்சர், தாளைத் திருத்திவிட்டு.

"எங்க அத்தா."

"அம்புட்டுப் படிச்சவரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கு அத்தா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தே சொல்லிவிடும் அவசரத்தில் தலையில் கையை வைத்துக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போகுதும்மா. ஒண்ணாம் வகுப்பும் வகுப்புத்தானே" என்றார், நான் கிட்டே வந்ததும்.

"இல்லத்தா. இது ழ."

"மூணு எழுத்தும் சரியா வந்துச்சா?"

"மூணும்."

இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.