என் வாயில் வேறொருத்தியின் குரல்

"வெள்ளைக்காரற்ர நாடகத்தில நீ என்னத்தைக் கதைக்கப் போறாய்?"

கல்லூரி முடிந்ததும் நாடகப் பள்ளியில் சேரப்போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கேட்டது இது. மன்னாரில் எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இல்லை. கனடாவில் மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸுக்கு வந்த பிறகு கல்லூரி வரை போன முதல் ஆள் நான். கணக்கியல் படித்து ஓர் அலுவலகத்தில் உட்காருவேன் என்று அவர் நினைத்திருந்தார்.

நான் விடவில்லை. நூலகத்துச் சஞ்சிகைகளில் படித்த நடிகர்களின் கதைகளை எடுத்துவிட்டேன். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காகக் கதவு திறப்பவனாகவும் பிணமாகவும் வந்துபோன ஒருவர், பிறகு அமெரிக்கத் தொடரில் நாயகனானார். சவர்க்கார விளம்பரத்தில் தொடங்கிய ஒரு பெண், இப்போது நீதிபதியாக நடிக்கிறாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி. ஒருக்கா ரீவியில கதைச்சுக் காட்டு. பேந்து பாப்பம்" என்றார்.

அந்த வருடமே மொன்றியலில் படமாக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் தொடருக்குத் தாதி வேடத்தில் என்னை எடுத்தார்கள். ஒரேயொரு வசனம்: "டொக்டர், அவர் கண் விழித்துவிட்டார்." டொக்டராக நடித்தவர் இங்கிலாந்துக்காரர். காட்சி முடிந்து தேநீர் கேட்கும்போதுகூட அமெரிக்கன் போலவே கேட்டார். மொன்றியலிலேயே இருக்கும் உச்சரிப்புப் பயிற்றுநர் ஒருவரிடம் வருடக்கணக்காகப் பழகிய பேச்சாம், வேலை முடியும்வரை அதை விடமாட்டாராம். ஒப்பனை செய்த பெண் சொன்னாள். எனக்குள் சிரித்துக்கொண்டேன். பள்ளியில் ஆங்கிலத்துக்கு எப்போதும் நான்தான் முதல். எனக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டும்?

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. தொடர் ஒளிபரப்பாகும் ஞாயிறு மாலைக்கே, பார்க்கும் முன்பே, தேவாலயத்தில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டார். "தொலைக்காட்சியில் பேசவிருக்கும் எங்கள் பங்கின் மகளுக்காக" என்று பங்குச் சுவாமியார் பீடத்தில் நின்று வாசித்தார். பூசை முடிந்ததும் மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும். நடுவில் பெரிய ரீவி. அப்பா முன்வரிசையில் இருந்தார்.

என் காட்சி வந்தது. என் முகம், என் வாய் அசைகிறது. வந்த குரல் என்னுடையதல்ல. யாரோ ஓர் அமெரிக்கப் பெண்ணின் மெல்லிய, வழுக்கும் குரல். என் பேச்சை எடுத்துவிட்டு அவளைப் பேசவைத்திருந்தார்கள்.

மண்டபம் கைதட்டியது. பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "அசல் வெள்ளைக்காரி மாதிரியெல்லோ கதைக்கிறாள். இனி எங்களோட தமிழில கதைப்பியோடி?" என்றார். ஆளுக்கு ஆள் அந்தக் குரலைப் பாராட்டினார்கள். நான் கடித்த ரோல்ஸைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. காரில் ஏறினோம். சாவியைப் போட்டவர் திருப்பாமல் இருந்தார்.

"பிள்ளை, அது உன்ர குரல் இல்லையே?"

"இல்லை அப்பா."

"ஏன் மாத்தினவங்கள்?"

"என்ர உச்சரிப்பு அவங்களுக்குச் சரிவரேல்லைப் போல."

"அப்ப நீ இன்னும் கதைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பின் இருக்கையில் அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அன்று தேநீர் கேட்ட அந்த மனிதரின் குரல் வழியெல்லாம் எனக்குக் கேட்டது. அவரைப் பார்த்துச் சிரித்ததை நினைத்ததும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒப்பனைப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பயிற்றுநரின் விலாசத்தைக் கேட்டு வாங்கினேன். பக்கத்து ரொக்ஸ்பரோ நிலையத்தில் ரயில் ஏறி நகரத்துக்குப் போய், அவர் வீட்டு மணியை அடித்தேன். நரைத்த தலையுடன் ஒரு பெண் கதவைத் திறந்து, உள்ளே இருத்தி, ஏதாவது பேசிக் காட்டு என்றார்.

அந்தத் தாதியின் வசனத்தைச் சொன்னேன்.