தள்ளினேன், தள்ளிக்கினேன்

ஒருவன் பேசும் தமிழை மராத்தியில் எடுத்துச்சொல்லப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்த அன்று ஜேசுராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புனே அருகே சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் வருகைப்பதிவு பார்ப்பவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. தாத்தா நாகர்கோவிலிலிருந்து வந்து புனேயின் கட்கியில் குடியேறியவர். ஜேசுராஜ் படித்ததெல்லாம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழ் வீட்டில் பேசுவதும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதும்தான். ஆனால் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் என்றால் எல்லாரும் அவரைத்தான் கைகாட்டுவார்கள்.

ஸ்டேஷனில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். பெயர் ஜம்பு. போளூர்ப் பக்கம். ஒப்பந்தத் தொழிலாளியாகப் புனே வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியில் நாலு வார்த்தை தெரியும். அன்று காலை ஏழு மணிக்கு அவனோடு அறையில் தங்கியிருந்த கேஷவ் என்ற லாத்தூர்க்காரன் மூன்றாவது மாடிப் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்துவிட்டான்.

சண்டை ஒரு மெத்தைக்காக. எட்டுப் பேர் தங்கும் அறையில் நாலு மெத்தை. பகல் ஷிப்ட்காரன் எழுந்து போனால் இரவு ஷிப்ட்காரன் வந்து அதில் படுப்பான். அன்று இயந்திரம் பழுதாகி ஜம்புவுக்கு வேலை இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கேஷவ், மெத்தையில் ஜம்பு தூங்குவதைப் பார்த்து எழுப்பியிருக்கிறான். வாய்ச்சண்டை வாசல்வரை வந்தது. அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டுக்குக் கைப்பிடியே வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார், ஜேசுராஜ் தமிழில் கேட்டார், ஜம்பு அழுதுகொண்டே சொன்னான். மூக்கு அடைத்து, பாதி வார்த்தை வெளியே வரவில்லை. "அவன் என் மேல பாஞ்சான் சார். நான்..." என்று ஏதோ சொன்னான். "அப்பறம் அவன் கீழ இருந்தான்."

நடுவில் இருந்த வார்த்தை ஜேசுராஜின் காதில் "தள்ளினேன்" என்று விழுந்தது. அதை மராத்தியில் சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டார். ஜம்பு கையெழுத்துப் போட்டான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில், கம்பெனி கேன்டீனில் இடமில்லாமல் தட்டோடு நின்றார் ஜேசுராஜ். அரக்கோணத்திலிருந்து புதிதாக வந்திருந்த லூர்துசாமி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "நான் தள்ளிக்கினேண்ணே, நீ இப்டி உக்காரு" என்றான்.

ஜேசுராஜ் உட்காரவில்லை. "என்ன சொன்ன?"

"தள்ளிக்கினேன்னு சொன்னேன். இடம் இருக்குதுல்ல?"

அன்று அவர் சாப்பிடவில்லை. கம்பெனி பஸ்ஸில் வீடு இருக்கும் நிக்டி வரும்வரை அந்த இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் "தள்ளிக்கிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். "தள்ளிக்கினேன்" அவர் காது பழகாத, அரக்கோணம் போளூர்ப் பக்கத்துப் பேச்சு. அழுகிற ஒருவன் சொன்னால் நடுவில் இருக்கும் அந்த 'க்கி' எங்கே கேட்கப்போகிறது? விலகிக்கொண்டேன் என்று அவன் சொன்னதைத்தான் தள்ளிவிட்டேன் என்று எழுத வைத்துவிட்டோமா?

மனைவி வேதமணி பள்ளி ஆசிரியை, கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்தவள். நாலு நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். அவர் சொன்னார்.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, அவன் அப்படித்தான் சொன்னான்னு?"

"தெரியலயே வேதா. அதான் பயமா இருக்கு. யோசிக்க யோசிக்க ரெண்டு மாதிரியும் கேக்குது."

"போய்ச் சொன்னா உங்கள ஏதும் செய்வாங்களோ?"

"அதயும் யோசிச்சேன். பொய்யாச் சொன்னியான்னு என்னயே பிடிச்சு உள்ள வச்சா? கம்பெனியில என்ன சொல்லுவான்?"

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"எரவாடா ஜெயில்ல."

"அப்ப போங்க. நானும் வாரேன்."

ஸ்டேஷனில் அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது, இங்கே சொல்லிப் பயனில்லை என்றார்கள். கோர்ட்டில் இரண்டு நாள் அலைந்த பிறகு, ஜம்புவுக்காக அரசு அமர்த்திய இலவச சட்ட உதவி வக்கீலைக் கண்டுபிடித்தார்கள். ராஜஸ்ரீ என்ற மராத்திப் பெண். கையில் பதினைந்து வழக்குக் கட்டுகளோடு வராந்தாவில் நின்றபடியே கேட்டாள்.

"காகா, போலீஸ் முன்னாடி ஒத்துக்கிட்டது சாட்சியமே ஆகாது. சட்டமே அப்படித்தான்" என்றாள் மராத்தியில், அவரைச் சித்தப்பா முறை வைத்து.

ஜேசுராஜுக்கு மூச்சு வந்தது. "அப்போ அதனால அவனுக்கு ஒண்ணும் இல்லையா?"

அவள் கட்டைப் பிரித்தாள். "ஜாமீன் ரெண்டு தடவை தள்ளுபடி ஆயிருக்கு. ரெண்டு தடவையும் அரசு வக்கீல், இவனே ஒத்துக்கிட்டான்னுதான் ஆரம்பிச்சார். போலீசும் அதுக்கப்புறம் வேற எதையும் விசாரிக்கல. படிக்கட்டை அளக்கக்கூட இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் அதைப் படிச்சிட்டு, தள்ளினான்னே நினைச்சுட்டேன். அவன்கிட்ட அவன் பாஷையில அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

அடுத்த வாய்தாவுக்கு ஜம்புவை அழைத்து வந்தார்கள். காவலர் பேசப் பத்து நிமிடம் அனுமதித்தார். வார்த்தை எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நடந்ததை மட்டும் கேளுங்கள் என்று ராஜஸ்ரீ எச்சரித்திருந்தாள். பையன் பாதியாக இளைத்திருந்தான். ஜேசுராஜை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. தமிழ்க் குரலைக் கேட்டதும் கண் கலங்கினான்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு தம்பி? மெதுவாச் சொல்லு."

"மெத்தைய வுடுன்னு கத்தினான் சார். நான் வெளிய வந்துட்டேன். பின்னாடியே வந்து பாஞ்சான். நான் ஒதுங்கினேன். அவன் நிக்க முடியாம அப்டியே போயிட்டான்."

ஜேசுராஜ் காத்திருந்த வார்த்தை வரவில்லை. ஒதுங்கினேன் என்றான். அன்று சொன்னது எது என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. அன்று தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ராஜஸ்ரீ தயாரித்த பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது முறை ஜாமீன் கிடைத்தது. அதற்குள் ஜம்பு உள்ளே போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விசாரணை இன்னும் ஒரு வருடம் இழுத்தது. ஜேசுராஜ் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளில் அரசு வக்கீல் நேராகக் கேட்டார்.

"விலகிக்கொண்டேன் என்றுதான் சொன்னான் என்று உறுதியாகச் சொல்வீர்களா?"

"சொல்ல முடியாது."

"தள்ளிவிட்டேன் என்று சொல்லவில்லை என்றாவது?"

"அதையும் சொல்ல முடியாது ஐயா. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். அன்றைக்கே அதை நான் சொல்லியிருக்க வேண்டும்."

அறையில் இருந்த மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததாகவே சாட்சி சொன்னார்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிபதி ஜம்புவை விடுவித்தார். கைப்பிடி இல்லாத கட்டிடத்துக்காக யார் மேலும் வழக்குப் போடப்படவில்லை. ஜம்பு அன்று மாலையே ரயிலேறப் போவதாகச் சொல்லி, ஜேசுராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். அவருக்கு அந்தக் கையைப் பிடித்திருக்கவும் கூச்சமாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கேஷவின் அம்மா நின்றிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லாத்தூரிலிருந்து வந்தவள். ஜேசுராஜ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடக்கப் பார்த்தார். அவள் அண்ணனை அழைப்பதுபோல் அழைத்தாள். குரலில் கோபம் இல்லை.

"பாவு, முதல்ல அவன் பேச்சைக் கேட்டது நீங்கதான். என் பிள்ளைய அவன் தள்ளினானா, இல்லையா? கோர்ட்டுக்கு வேண்டாம், எனக்குச் சொல்லுங்க."

ஜேசுராஜ் வாயைத் திறந்தார். மராத்தி அவருக்குத் தடையே இல்லாத மொழி.

"தெரியல ஆயி" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் கையிலிருந்த பை கனமாக இருந்தது. கூட வந்திருந்த வேதமணி போய் அதன் ஒரு காதைப் பிடித்துக்கொள்ள, மூவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். லாத்தூர் பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜேசுராஜ் அங்கேயே நின்றார்.