ஓரெழுத்து மாறினால் ஒரே ஆள்

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் கோந்து. எதையும் எதோடும் ஒட்டிவிடுவாள். கண்ட கண்ட ஆஸ்பத்திரிகளையும் வாங்கிப் போட்ட ஒரு மருத்துவக் குழுமம், நோயாளிகளின் தகவலை மூன்று கம்பெனிகளின் கிளவுடில் சிதறவிட்டிருந்தது. மருந்துச் சீட்டு ஒன்றில், ரத்தப் பரிசோதனை இன்னொன்றில், எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு வேறொன்றில். எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரே பதிவாக ஆக்குவது கோந்தின் வேலை.

பெரிய தலைவலி பெயர்கள்தான். நம் ஆட்கள் இங்கிலீஷில் பெயர் எழுதுகிற லட்சணம் தெரியாதா? ஒரே மனுஷன் 'த'வுக்கு ஓரிடத்தில் 'டி' போடுவான், இன்னோரிடத்தில் 'டி எச்'. கோந்து ஒரு விதி எழுதினாள். பிறந்த தேதி, இனிஷியல், போன் நம்பர் மூன்றும் ஒத்துப்போய், பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறினால் ஒரே ஆள். குறிப்புகள் முரண்பட்டால் கடைசியாக எழுதியதே செல்லும்.

"இரட்டைப் பிள்ளைங்க வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் பிரிவுக்காரர்.

"வரும்போது பாத்துக்கலாம் சார். சும்மா நொட்டை சொல்லாதீங்க."

சொன்னவளின் அக்காவுக்கே இரட்டைப் பெண்கள்! ஓரெழுத்து மட்டும் மாறுகிற பெயர்களை ஆசை ஆசையாகத் தேடிக் கொடுத்தவளும் இவள்தான். ஆனால் சித்திக்காரிக்கு அந்த இருவரும் ஒருநாளும் ஒன்றாகத் தெரிந்ததில்லை. மூத்தது வாயாடி, இளையது வாயே திறக்காது. பெனிசிலின் ஆகாதது இளையவளுக்கு. அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விதிக்குத்தான் தெரியாது.

மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் குழுமத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்து, ஆகாத மருந்து எதுவும் இல்லை என்று பதிந்தார். அடுத்த வாரம் இளையவளுக்குத் தொண்டைப் புண். ஊசியோடு வந்த நர்ஸிடம் அக்கா சொல்லத்தான் செய்தாள்.

"இவளுக்குப் பெனிசிலின் ஆகாதேம்மா."

"இல்லைங்க, போன வாரம்தான் டாக்டர் ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கார். சில பிள்ளைங்களுக்கு வளர வளரப் போயிடும்."

அக்கா கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். பெருமையாகக்கூட இருந்தது. "என் தங்கச்சி பண்ணினதுதான் இது. தப்பா இருக்காது. போடுங்க."

பாவி மகள், அவளே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் குழந்தைக்கு மூச்சு முட்டியது. என்னென்னவோ செய்தார்கள். பிழைக்கவில்லை.

துக்க வீட்டில் அக்கா கோந்தின் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுடி. நீ செஞ்சது தப்பாகாதுன்னு வாயை மூடிட்டேன். அதுல எவனோ கை வெச்சிருக்கான். யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

"சரிக்கா, பாக்கறேன்" என்று தலையைத் தடவிக் கொடுத்தாள் கோந்து. அந்த விதியை அழித்துவிட்டுத்தான் அவள் துக்கத்துக்கே கிளம்பி வந்திருந்தாள்.