ஆனை குளித்த தண்ணீர்

சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் வயிறு பதியக் குனிந்தால் பாசி வாடையோடு குளிர்ச்சி முகத்தில் வந்து மோதும். உள்சுவரில் என் அப்பா, நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம், தாரால் இழுத்த கறுப்புக் கோடு தண்ணீருக்கடியில் நெளிந்து நெளிந்து தெரியும். திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வந்த அன்று நிரப்பிய தொட்டி மறுநாள் சாயங்காலம்வரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது நைனா போட்ட சட்டம்.

கோடு வெளியே தெரிந்துவிட்டால் யார் காரணம் என்று வீட்டில் தேட மாட்டார்கள். கடைசியாகக் குளிப்பவன் நான். பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பவனும் நான். "மலை மேல முருகனுக்குத்தான் ஆனை வாகனம். நம்ம வூட்ல இன்னாத்துக்குடா ஆனை?" என்பார் நைனா. அம்மாவும் சிரித்துவிடுவாள். திருத்தணி கோயிலில் முருகன் சன்னிதிக்கு முன்னால் மயிலுக்குப் பதில் ஆனைதான் நிற்கும். எலும்பும் தோலுமாக இருந்த எனக்கு "ஆனை" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கிருத்திகைக்கு வரும் சித்தூர் உறவுக்காரர்கள்கூட, "ஆனை குளிச்சிட்ச்சா, நாங்க போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொம்பைத் தொடுவார்கள். நான் முதலில் பாட்டை நிறுத்தினேன், பிறகு அரை வாளியோடு குளியலையும் முடித்துக்கொண்டேன். அப்படியும் கோடு வெளியே வந்தது. இன்றைக்கு நான் குளிக்கவே இல்லை என்று அழுதபோது, "அப்போ தண்ணி தானா நடந்து போச்சா?" என்றார் நைனா.

நடந்துதான் போயிருந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்காக, தொட்டியை நிரப்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோருமாகப் போய் மறுநாள் திரும்பினால், கோடு வெயிலில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்குப் பின்னால், யாருமே தண்ணீர் ஊற்றாத பப்பாளி மட்டும் அந்தக் கோடையிலும் வாடாமல் நின்ற காரணம் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நைனா அடியில் இருந்த வெடிப்பில் சிமெண்ட் குழைத்துப் பூசினார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று பக்கத்திலேயே காத்திருந்தேன். "ஆனை, அந்தக் கரணைய எடுத்தா" என்றார்.

இத்தனையும் பட்ட நான்தான் இந்தக் கோடையில் என் மகளை அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காலையில் நிரப்பும் மாடி டேங்க் மதியத்துக்குள் காலியானது. அவள் கொஞ்சம் நேரமெடுத்துக் குளிப்பவள். "வூட்ல ஆனை இருந்தா டேங்க் எப்டிம்மா தாங்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் தினமும் சொன்னேன்.

ஒருநாள் குளிர்காய்ச்சலில் நடுங்கியவளை நானும் என் மனைவியும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் கிருமி என்ற டாக்டர், "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார்.

"பாத்ரூம் போனா தண்ணி செலவாவும்ல" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கிளம்பும் முன் நிரப்பியிருந்த டேங்க், யாருமில்லாத வீட்டில், பாதிக்குமேல் இறங்கியிருந்தது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, டேங்கிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் குழாயில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

தொட்டி போய்விட்டது, பப்பாளி போய்விட்டது, நைனாவும் இல்லை. மண்ணைத் தோண்டிக் குழாயை மாற்றிவிட்டேன். வீடு திரும்பிய மகளிடம், "குழாய்தாம்மா ஒடஞ்சி இருந்திச்சி. உம்மேல தப்பே இல்ல. நான்தான் தப்பா பேசிட்டேன்" என்றேன்.

"ஆங், சரிப்பா" என்றாள்.

இப்போது டேங்க் சாயங்காலம்வரை நிறைந்தே இருக்கிறது. அவள் குளிக்கும்போது வெளியே நின்று கேட்கிறேன். சொம்புச் சத்தம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறது.

"இன்னும் ஊத்திக்கோம்மா. டேங்க் ரொம்பிக்கினு இருக்குது" என்கிறேன் கதவுக்கு வெளியிலிருந்து.

"போதும்பா."