பட்ஜெட்டுக்கு முன் எழுதிய கடிதம்

அம்மாவின் விலகல் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ரிசார்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தேன். அது இருந்தால்தான் கடிதம் கடிதம் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. பி.காம். படித்திருக்கிறேன் அல்லவா.

சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அம்மா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். அப்பா இறந்த பிறகு அம்மாவின் பேரில் இருந்த லயத்து வீட்டில்தான் நானும், ஜீப் ஓட்டும் என் கணவரும், மூன்று வயது மகளும் இருந்தோம். எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் வீடு. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்போது அதே வீட்டிலிருந்து இன்னொருவர் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு கைமாறாமல் தொடரும். அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதன்பின் என் கணவர் பேர் கொடுப்பதாக ஏற்பாடு. ஜீப்பை விட்டுவிட்டு மருந்தடிக்கப் போக அவர் சம்மதித்ததே பெரிய விஷயம்.

அந்த ஜனவரியில் டீவியைத் திறந்தால் இதே பேச்சு. பட்ஜெட்டில் பி.எப். பிடித்தம் இரண்டு பக்கமும் கூடும், முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும். பட்ஜெட்டுக்குப் பிறகு எடுக்கிற பணத்துக்கு வரியும் வரும். ஒவ்வொரு செய்தியும் ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்றுதான் முடிந்தது. அந்தச் சொல்லை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன்.

எங்கள் ஆபீஸ் கணக்கர் மலையாளி, வயதானவர், என்னிடம் பிரியமாகத்தான் இருப்பார். பிடித்தம் கூடினால் ரிசார்ட்டுக்கு எவ்வளவு அதிகச் செலவு என்று முதலாளி கேட்டிருக்கிறார், ஒரு பட்டியல் போட்டுத் தா என்றார். போட்டேன். ‘இப்போது’ என்று ஒரு பத்தி, ‘பட்ஜெட்டுக்குப் பின்’ என்று ஒரு பத்தி. மூன்று நாள் அந்த இரண்டாவது பத்தியை நிரப்பிக்கொண்டே இருந்ததில் அது நடந்து முடிந்த விஷயம் போல எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நானே அடித்த எண்களை நானே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அடுத்த வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்.

“இருவத்தொம்பது வருசமாப் புடிச்ச காசு. அதுலயுமா கை வைப்பாக?” என்றார் அம்மா.

“அப்படித்தாம்மா சொல்றாங்க. பட்ஜெட்டுக்கு முன்னாடி வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டா முழுசா வந்துரும்.”

அத்தை என்னைப் பார்த்தார். “ஏட்டி, போன வருசமும் இப்படித்தான் ஊதுனாக. பட்ஜெட்டு வந்துச்சு, போச்சு. எனக்கு ஒரு தீப்பெட்டி வெல கூடக் கொறையல.”

“இல்ல அத்தே, இந்தத் தடவ நெசம் போலத்தான் இருக்கு.”

“போலத்தானா? மழ வார்றது போல இருக்குன்னு ஒருத்தி கூரையக் கழட்டுவாளாக்கும்?”

அம்மா சிரித்துவிட்டார். “சும்மா இரு மதினி. அவ படிச்சவ. கணக்கு அவளுக்குத் தெரியாதா?”

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் யானை ரோட்டில் நின்றதால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் தடுத்து, பிறகு வரி வந்துவிட்டால்? இருபத்தொன்பது வருட உழைப்பில் என்னால் ஒரு பங்கு போனதாக ஆகாதா? ஆபீஸ் போனதும் கணக்கரிடம் கேட்டேன்.

“சார், உறுதிதானா?”

“உறப்பு மோளே. நூறு சதமானம்.”

அன்று மதியமே கடிதத்தை அடித்தேன். வீட்டில் கையெழுத்துப் போடும்போது, என் கணவர் பேரையும் சேர்த்தே கொடுக்க வேண்டாமா என்று அம்மா கேட்டார். அதை அப்புறம் தனியாகக் கொடுக்கலாம் என்றேன். நான் போடும் பட்டியலில் ஓய்வு பெற்றாலும் விலகினாலும் ஒன்றுதான், ஒரு வரி குறையும். எஸ்டேட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

இரண்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் இழுக்கும் எஸ்டேட் ஆபீஸ், அம்மாவின் கடிதத்தில் கொடுத்த அன்று மாலையே கையெழுத்துப் போட்டது. பரவாயில்லையே என்று கூட நினைத்தேன்.

பட்ஜெட் நாளில் ரிசப்ஷன் டீவி முன்னால் எல்லோரும் நின்றோம். பேச்சு நீண்டுகொண்டே போனது. பி.எப். பற்றி ஒன்றுமில்லை. பிடித்தமும் கூடவில்லை, வரியும் வரவில்லை. கணக்கர் டீயைக் குடித்து முடித்து, “இத்தவண இல்லா. அடுத்த வருஷம் நோக்காம்” என்றார். பிறகு தங்கம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் உன் அம்மாவை வேலையை விடச் சொல் என்று அவர் சொல்லவே இல்லையே.

அம்மாவை அழைத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கடிதத்தைத் திரும்பத் தரக் கேட்டேன். ஏற்றாகிவிட்டது என்றார் அங்கிருந்த கிளார்க். சரி, பதிலாளாக என் கணவர் பேரையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“ரிட்டயர் ஆனாதாம்மா பதிலாள். இவங்க ரிசைன் பண்ணியிருக்காங்க.” கோப்பைத் திறந்து காட்டினார். “சொந்த விருப்பம்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பாருங்க. சுத்தமா டைப் பண்ணியிருக்கு.”

“எம் புள்ளதான் அடிச்சா சார்” என்றார் அம்மா.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்தார்கள். இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். பி.எப். பணம் வந்தது, முழுசாகவே. பெரும்பகுதி அந்த அறைக்கு ஒத்திப் பணமாகப் போனது. எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் அம்மாவின் பேரில் இருந்த என் மகள், இப்போது ரிசார்ட்டில் துணி மடிக்கும் அறையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும் எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியவில்லை.

அம்மா தினமும் ஒரு காண்டிராக்டரின் ஜீப்பில் கூலியாளாக வேலைக்குப் போகிறார். அதே எஸ்டேட், அதே மலை. முதல் நாள் அத்தை, “என்ன மதினி, விருந்தாளியா வந்துட்டீகளா?” என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை கூலியைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். “முழுசா இருக்கு பாரு. பிடித்தம் ஒன்னுமில்ல.” குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்ப்பேன். இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

இந்த ஜனவரியிலும் டீவியில் அதே பேச்சு தொடங்கிவிட்டது. முதலாளி கேட்டாராம், பட்டியல் போட்டுத் தா என்றார் கணக்கர். இரண்டு பத்தி போட்டுக் கொடுத்தேன். வேலை அதுதானே. சாயங்காலம் அம்மா கைகால் கழுவிவிட்டு வந்து டீவியை ஒரு நிமிடம் பார்த்தார்.

“இந்த வருசம் என்ன ஆகும்ங்கே?”

இன்னும் என்னிடம்தான் கேட்கிறார். தெரியாது என்று சொன்னேன். வேலைக் களைப்பில் பேச மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், டீவியை அணைத்துவிட்டு டீ போடப் போனார்.