போவுன்காரியும் ஹோஜுகியும்

எங்கள் உம்சோங் பக்கம் மருமகளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டு யோன்சிம், போவுன்காரி. எங்கள் நாட்டு அதிபரின் வெள்ளைக்கார மனைவியோ ஹோஜுக்காரி. ஹோஜு என்றால் ஆஸ்திரேலியா. அந்த அம்மாள் பிறந்தது ஆஸ்திரியா என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? போர் வந்து ஜெட் விமானங்கள் தலைக்கு மேல் சீறியபோது, சம்பந்தி வீட்டார் அனுப்பியவை என்று நாங்களே முடிவுகட்டி ‘ஹோஜுகி’ என்றோம். ஹோஜு விமானம். எந்த நாட்டுடையதானாலும் அதே பெயர்தான். ஆஸ்திரேலிய விமானிகள் நிஜமாகவே வந்ததால்தான் அந்தப் பெயர் என்று சாதிப்பவர்களும் உண்டு. சாதிக்கட்டும்.

“பொண்ணு குடுத்தவங்க விமானமே சீரா அனுப்புறாங்க. போவுன்லேருந்து ஒரு கோழியாவது வந்துச்சா?” என்று யோன்சிமை வம்புக்கிழுப்பான் அவள் கணவன் மன்சிக்.

“வந்தா மட்டும்? உங்க வயித்துக்குத்தான் போகும்” என்பாள் அவள்.

போர்க்காலத்தில் மாட்டைப் பறிகொடுக்காத வீடு குறைவு. அதனால் மன்சிக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் உழுவான். ஒருநாள் ஹோஜுகி தாழப் பறந்தது. மாடு மிரண்டு, கல்வரப்பின் மேல் அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் கயிற்றை அவிழ்த்தபோது உயிர் இல்லை.

யோன்சிம் அழவில்லை. பார்லிச் சோறு போட்டால் தின்றாள், போடாவிட்டால் கேட்கவில்லை. மாட்டை வெட்டிப்போடச் சொன்னாள் மாமியார்.

“வெட்டிட்டா ஏர் யாரு இழுப்பா அத்தை? நீங்களா?”

கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். அந்த வாய்களைத் தைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. நடவு நெருங்கிவிட்டது. மாடு இல்லாவிட்டால் அவள் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரியாது.

அவளே ஏர் பிடித்தாள். நான் அடுத்த வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் ஹோஜுகி. மாடு திமிறியது. அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

“புடிடி, மாடும் போச்சுன்னா என்ன பண்ணுவ?” என்று நான் கத்தக் கத்த, மாடு மேட்டைத் தாண்டி மறைந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாயும்போது, கயிறு தரையில் இழுபட, மாடு அவள் வாசலுக்கு வந்து நின்றது. அவள் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

“தானா வந்துருச்சுக்கா,” என்றாள். “அவரும் விட்டுருக்கலாம்ல.”